ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர்

ஜூன் 2, திங்கள்

காலை ரவுண்ட்ஸில் ராமலிங்கம் டாக்டரோடு வழக்கமான சண்டை. சண்டை என்று நான்தான் சொல்கிறேன், அவர் கேட்டால் டிஸ்கஷன் என்பார். குறைமாதக் குழந்தைக்கு மூச்சுத் துணையாக முதலில் எதை வைப்பது, பபிளா ஹை ஃப்ளோவா? அவருக்கு பபிள், எனக்கு ஹை ஃப்ளோ. இரண்டு வருடமாக இதே பாட்டு.

இன்று சண்டைக்குக் காரணம் நாலாம் தொட்டில், அம்சவல்லியின் குழந்தை. இருபத்தெட்டாம் வாரத்தில் ஒரு கிலோவுக்குப் பிறந்து இன்றோடு இருபத்தாறு நாள். முதல் நாலு நாள் தொண்டையில் குழாயோடு மெஷினில் இருந்தாள். பிறகு பபிளுக்கு வந்தாள். வெறும் காற்றில் இருபத்தொரு சதவீதம்தான், இவளுக்குக் கொடுக்கும் ஆக்சிஜன் முப்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. எக்ஸ்ரேயில் நுரையீரல் புகை மூட்டமாக இருக்கிறது. இது சட்டென்று போகிற கோளாறு இல்லை, நாள்பட்ட நோயாகிறது என்று டாக்டர் இன்றுதான் வாய்விட்டுச் சொன்னார். மூக்குக்குள் வைத்த பபிள் குழாய் அழுத்தி நடுத்தண்டு சிவந்துவிட்டது. ஹை ஃப்ளோவுக்கு மாற்றுங்கள் டாக்டர் என்றேன்.

"சரி, மாத்திப் பாருங்க. ஆனா கனகம் சிஸ்டர், வாயால சொன்னா போதாது. ரெண்டு வருஷமா நோட்டுல எழுதறீங்க இல்ல? அத ஒரு சார்ட்டா போட்டுக் குடுங்க. எது ஜெயிக்குதோ அதையே யூனிட்டுக்கு ரூலா வெச்சிடலாம்."

மாதக் கடைசிக்குள் கேட்டிருக்கிறார். கொடுக்கிறேன். முப்பத்தேழு குழந்தை, பபிளில் இருபது, ஹை ஃப்ளோவில் பதினேழு. முடிவு எனக்கு இப்போதே தெரியும்.

ஜூன் 3, செவ்வாய்

பத்து மணிக்கு ஹை ஃப்ளோவுக்கு மாற்றினோம். அம்சவல்லி குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பபிள் குழாயோடு அப்படி உட்கார முடியாது.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரர் வேணு கேட்டார், "அது என்ன ரெண்டு கட்சி?" தெர்மல் பவர் ஸ்டேஷனில் பாய்லர் பார்க்கிறவருக்கு அழுத்தத்தைப் பற்றிச் சொல்வது சுலபம். பபிளில், குழந்தை விடும் மூச்சுக் காற்று ஒரு குழாய் வழியாக பாட்டில் தண்ணீருக்குள் போய்க் குமிழியாக வெளியேற வேண்டும். குழாயின் நுனி ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், அந்த ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம் நுரையீரலுக்குள் எப்போதும் நிற்கும். நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கொள்ளாது. ஹை ஃப்ளோவில் பாட்டிலே கிடையாது. சூடான, ஈரமான காற்றை மெல்லிய குழாயில் வேகமாக விடுவோம். மூக்கு புண்ணாகாது.

"உள்ள எவ்ளோ அழுத்தம் நிக்குதுன்னு எப்படித் தெரியும்?" என்றார்.

தெரியாதுதான். ஆனால் அதைச் சாப்பாட்டு நேரத்தில் ஒத்துக்கொள்ள வேண்டுமா என்ன? ரசம் ஊற்றினேன்.

ஜூன் 4, புதன்

மூக்கின் சிவப்பு வடிகிறது. வயிறும் ஊதாமல் மெத்தென்று இருக்கிறது. நான் சொன்னேனா இல்லையா?

ஜூன் 6, வெள்ளி

சொன்னேன்தான். நேற்று மத்தியானத்திலிருந்து ஆக்சிஜன் முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தைந்து என்று ஏறுகிறது. விலா எலும்புக்கு அடியில் குழி விழுந்து விழுந்து எழுகிறது. இரண்டு தடவை மூச்சை நிறுத்தினாள். பாதத்தைச் சுண்டியதும் எடுத்துக்கொண்டாள். காலையில் டாக்டர் வந்து பார்த்து, "பபிளுக்கே போயிடலாம் சிஸ்டர்" என்றார்.

குத்திக் காட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். காட்டவில்லை. அது இன்னும் எரிச்சல்.

ஒரு குழந்தையை வைத்து முடிவு கட்ட முடியாது. நோட்டில் மற்ற முப்பத்தாறு குழந்தைகள் என் பக்கம் நிற்கின்றன.

ஜூன் 10, செவ்வாய்

பபிளில் மூச்சு சரியாகிவிட்டது, ஆக்சிஜன் முப்பதுக்கு வந்துவிட்டது. ஆனால் வயிறு. காலை நான் டியூட்டிக்கு வரும்போது தட்டையாக இருக்கிறது. மத்தியான டியூட்டி நந்தினி தினமும் ஒன்றே சொல்கிறாள்: "அக்கா, அஞ்சு மணிக்கு மேல கொட்டு மாதிரி ஊதிடுதுக்கா. பால் குடுத்தா திரும்பி வருது."

பபிளின் குணம் அது, காற்று வயிற்றுக்குள்ளும் போகும். என் நோட்டிலேயே இருக்கிறது. இருபது பபிள் குழந்தைகளில் பன்னிரண்டுக்கு வயிறு ஊதியது. ஹை ஃப்ளோவில் பதினேழில் மூன்றுதான். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

குழந்தையின் அப்பா வளவன் காலை எட்டு மணிக்கு வந்தார். மைன்ஸில் கான்ட்ராக்ட். இந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட், அதனால் காலையில் வருகிறார். விசித்திரமான மனிதர். தொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறார், குழந்தையைப் பார்ப்பதே இல்லை. குமிழி வரும் பாட்டிலையே பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போகிறார். பெண் குழந்தை என்பதாலா? அப்படி இருந்தால் ஒரு நாள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

ஜூன் 12, வியாழன்

சார்ட்டுக்குக் கட்டம் போட்டேன். ஸ்கெட்ச் பேனா இரண்டு நிறத்தில். வேணு பார்த்துவிட்டு, "ஜட்ஜ்மெண்ட எழுதிட்டுத்தான் கேஸ விசாரிப்பீங்களோ?" என்றார். அவருக்கு ஓவர்டைம் இல்லாத நாளில் நாக்கு நீளும்.

ஜூன் 16, திங்கள்

பாலை நிறுத்தியாயிற்று. இரண்டு நாளில் நாற்பது கிராம் குறைந்துவிட்டாள். ஊதிய வயிறு மேலே முட்டுவதால் மூச்சும் கெடுகிறது, ஆக்சிஜன் சாயங்காலங்களில் நாற்பது. வயிற்றில் வேறு கோளாறு ஏதுமில்லை என்று எக்ஸ்ரே சொல்கிறது.

டாக்டர் அம்சவல்லியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்போம்மா. ஹை ஃப்ளோ தாங்கல, பபிள்ல பால் செரிக்கல. அப்படியே இருந்தா மறுபடி தொண்டையில குழாய் போட்டு பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

அவள் அழவில்லை. "மறுபடி குழாய் போட்டா திரும்ப எடுக்க முடியுங்களா?" என்று மட்டும் கேட்டாள். சரியான கேள்வி. இந்த நுரையீரலுக்கு மெஷின் அடிக்கும் ஒவ்வொரு நாளும் இன்னொரு காயம். எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

ஜூன் 18, புதன்

வரிசையாக எழுத வேண்டும்.

மூன்று மணி. நந்தினி வந்ததும் டியூட்டி ஒப்படைத்துவிட்டு நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். வளவன் நேராக வேலையிலிருந்து வந்திருந்தார், காதோரம் கரி. இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். வழக்கம்போல் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றவர் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தார்.

"சிஸ்டர், தப்பா நெனச்சிக்காதீங்க. இந்தத் தண்ணி ஏறிகினு வருதுங்க."

"என்ன ஏறுது?"

"போன வாரம் காலைல வந்து பாத்தப்ப மூடிலேந்து தண்ணிக்கு நாலு வெரக்கடை இருந்துச்சிங்க. நாலு நாளும் நாலுதாங்க. இந்த வாரம் மத்தியானம் வரேன், மூணு நாளா ரெண்டரைதாங்க இருக்குது."

எனக்குக் கோபம் வந்தது. சிவப்பு டேப்பைக் காட்டினேன். தண்ணீருக்குள் இறங்கும் குழாயில் ஐந்தாம் எண்ணில் நான் கையாலேயே ஒட்டிய டேப் அது. மூடியோடு சிவப்பு ஒட்டி நின்றால் ஐந்து, கண் தெரியாதவளும் தப்பாக எழுத முடியாது. "இதோ பாருங்க, அஞ்சுதான் இருக்கு. நீங்க உங்க வேலையப் பாருங்க, இங்க நாங்க பாத்துக்கறோம்" என்றேன். அப்படியேதான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாப்பில் நின்றேன். டவுன்ஷிப் பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தேன். டேப் குழாய் எங்கே நிற்கிறது என்று சொல்லும். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சொல்லுமா? கண்டக்டர் "ஏறும்மா" என்கிறார். காலை எடுத்துவிட்டேன்.

திரும்பி ஓடி வந்து ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். குழாய் நுனியிலிருந்து தண்ணீர் மேல்மட்டம் வரை ஏழரை. ஏழரை! ஐந்து இல்லை.

ஐயோ, எவ்ளோ சாதாரண விஷயம். சூடான ஈரக் காத்து குழாய்ல வரும்போது ஏசி குளிருக்கு உள்ளயே வேர்க்குது. அந்தத் தண்ணி சொட்டுச் சொட்டா எங்க போகும்? பாட்டிலுக்குத்தான் போகும். சில கம்பெனி பாட்டில்ல அதிகத் தண்ணி வழிஞ்சு போக ஓட்டை இருக்கும், எங்க பாட்டில்ல இல்ல. ராத்திரி ஏசி கம்மி, அதிகம் வேர்க்காது. நைட் டியூட்டிப் பொண்ணு தினமும் வந்ததும் ஒரு தரம், காலைல ஆறரைக்கு ஒரு தரம் பாட்டிலக் கழுவி, கோடு வரைக்கும் புதுத் தண்ணி ஊத்திடுவா. ஏழு மணிக்கு நான் வந்து பாத்தா சுத்தமா அஞ்சு. நந்தினி வரும்போது ஏற்கெனவே ஏறியிருக்கும், அவளுக்கு அதுதான் பழக்கமான மட்டம். நான் எப்பவும் காலை, அவ எப்பவும் மத்தியானம். ரெண்டு பேரும் டேப்பப் பாத்து அஞ்சுன்னு எழுதுவோம். வாரா வாரம் ஷிஃப்ட் மாறுற ஆளுக்குத்தான் ரெண்டு வேளையும் கண்ணுல பட்டிருக்கு.

தண்ணீரைக் கோட்டுக்கு இறக்கினேன். குமிழி சத்தம் மாறியது. டாக்டருக்குப் போன் செய்தேன். வளவன் வராந்தாவில் அம்சவல்லியோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்றேன்.

"நீங்க சொன்னது சரிங்க. நான் பேசினது தப்பு."

அவர் எழுந்துவிட்டார். "அய்ய, இருக்கட்டும்ங்க. என் வேலையே அதாங்க. சுரங்கத்தச் சுத்தி கெணறு இருக்குதுங்க, ஒவ்வொண்ணுலயும் நாடா வுட்டு மட்டம் பாத்து எழுதணும். அடியில தண்ணி முட்டிகினே இருக்கும். மட்டம் ஏறுச்சின்னா தரையவே தூக்கிடும்ங்க."

குழந்தையின் வயிற்றைத்தான் சொல்கிறார் என்று தோன்றியது. அவர் சுரங்கத்தைத்தான் சொன்னார்.

ஜூன் 19, வியாழன்

மணிக்கொரு தரம் தண்ணீர் இறக்கச் சொல்லியிருந்தேன். நான் இன்று ஏழு மணி வரை வீட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வயிறு: தட்டை. நந்தினி இரண்டு தடவை இன்ச் டேப் வைத்து அளந்தாள், நான் மூன்றாவது தடவை. இரண்டு மில்லி பால் கொடுத்துப் பார்த்தோம். திரும்பவில்லை.

ஜூன் 20, வெள்ளி

டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டார், மானிட்டரைப் பார்த்தார். ஆக்சிஜன் முப்பது. பால் நாலு மில்லி.

"குழாய் வேணாம்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அம்சவல்லி அப்போதுதான் அழுதாள். பிறகு, "பேரு வெக்காமயே இருந்தோங்க. அபின்னு வெக்கலாம்னு இருக்கோம்" என்றாள். நாலாம் தொட்டிலில் "அம்சவல்லி பேபி" என்றிருந்த அட்டையை எடுத்துவிட்டு நானே எழுதி மாட்டினேன்.

ஜூன் 21, சனி

இன்று லீவு. சார்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பபிள் இருபது, வயிறு ஊதியது பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டில் எத்தனை பபிளின் குணம், எத்தனை என் டேப்பின் வேலை? தெரியாது. இனிமேல் தெரியவும் போவதில்லை. ஐந்து என்று எழுதிய இடத்திலெல்லாம் உண்மையில் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. நான் இரண்டு வருடமாக பபிளையும் ஹை ஃப்ளோவையும் ஒப்பிடவே இல்லை. தண்ணீர் ஏறிய பபிளையும் ஹை ஃப்ளோவையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் பபிளில் ஒரு பையன். ஒன்பதாம் நாள் வயிறு ஊதி, மூச்சு திணறி, குழாய் போட்டு பாண்டிச்சேரிக்கு அனுப்பினோம். நல்லா இருக்கான், பொங்கலுக்கு அவங்கம்மா போட்டோ அனுப்பினாங்க. நல்லாத்தான் இருக்கான். ஆனா பதினாறு நாள் மெஷின்ல கெடந்தானே. நான்தானே டேப் ஒட்டினேன். யாரும் தப்பா எழுதக் கூடாதுன்னு ஒட்டினேன்.

வேணு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இன்றைக்கு நாக்கு நீளவில்லை. "டாக்டர்கிட்ட சொல்லப் போறியா?" என்றார்.

"பின்ன? சொல்லாம இருக்கவா?"

"நீ சொல்லுவ. தெரியும்" என்று சொல்லிவிட்டு, பண்ருட்டியிலிருந்து வந்த பலாப்பழத்தை அறுக்கப் போய்விட்டார். கையெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு ஒரு மணி நேரம் போராடினார்.

ஜூன் 23, திங்கள்

டாக்டர் மேஜையில் நோட்டையும் பாதி சார்ட்டையும் வைத்தேன். "இந்த பபிள் கணக்கு முழுக்கச் செல்லாது டாக்டர். காரணம் நான் ஒட்டின டேப்." எல்லாவற்றையும் சொன்னேன். நவம்பர் பையனையும் சொன்னேன்.

அவர் வெகுநேரம் நோட்டைப் புரட்டினார். "ரெண்டு வருஷமா தினமும் அந்த பாட்டில நானும்தான பாக்கறேன்" என்றார். பிறகு, "கிழிச்சிடாதீங்க. அடிச்சிட்டு, ஏன் அடிச்சீங்கன்னு பக்கத்துலயே எழுதி வைங்க. புதுசா வர்ற பொண்ணுங்க முதல்ல அதப் படிக்கட்டும்."

அவர் எதிரிலேயே சிவப்பு மையால் அடித்தேன். அசிங்கமாக இருந்தது. ஆனால் முடித்ததும் நிமிர்ந்துதான் வெளியே வந்தேன். தவறு செய்தது என் யூனிட், ஒத்துக்கொண்டு நிறுத்தியதும் என் யூனிட்.

டேப்பை உரித்துப் போட்டேன். சார்ட்டில் புதுக் கட்டம்: மூடியிலிருந்து தண்ணீர் மட்டம், மணிக்கொரு தரம், ஸ்கேல் வைத்து. வளவன் அளந்த முறையேதான். நந்தினி அதற்கு "கிணத்துக் கட்டம்" என்று பெயர் வைத்துவிட்டாள். ஒப்பிடுவதைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறேன், முதல் பெயர் அபி.

ஜூலை 1, செவ்வாய்

1,480 கிராம். ஆக்சிஜன் இருபத்தாறு.

ஜூலை 8, செவ்வாய்

இந்த முறை டாக்டரே நேற்றுக் காலையில் சொன்னார், "இப்ப உங்க ஹை ஃப்ளோவுக்கு மாத்திப் பாக்கலாமா?" நான் உடனே துள்ளவில்லை. ஒரு நாள் முழுக்க விலாவைப் பார்த்தேன், மூச்சை எண்ணினேன், பிறகு சரி என்றேன். மாற்றி ஆறு மணி நேரம் ஆகிறது. குழி விழவில்லை. நுரையீரல் தன்னைத் தானே திறந்து வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்ட பிறகு இது போதும். மூக்குப் புண்ணும் இனி ஆறும்.

மூன்று மணிக்கு வளவன் வந்தார். பாட்டில் இருந்த இடம் காலியாக இருந்ததும் கண்கள் அலைந்தன. காற்றை ஈரமாக்கும் தண்ணீர்ப் பை கம்பியில் தொங்குவதைக் கண்டுபிடித்து அதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நந்தினி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

கேட்டுவிட்டேன். "ஏங்க, புள்ளய ஒரு நாளாவது பாக்கறீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "மொத நாள் பாத்தேங்க. நெஞ்சு உள்ள போயி உள்ள போயி வந்துச்சி. என்னால முடியலைங்க. தண்ணின்னா எனக்குப் புரியும். குமிழி வந்துகினு இருந்தா புள்ள மூச்சு வுடுதுன்னு அர்த்தம். அத மட்டும் பாத்துக்கலாம்னு."

என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன், அவரைப் பற்றி. அத்தனையும் தப்பு.

ஜூலை 16, புதன்

டாக்டர் ரூலைச் சுவரில் ஒட்டினார். சின்னக் குழந்தைகளுக்கு முதலில் பபிள், மணிக்கொரு தரம் மட்டம் பார்த்து. தேறி வரும்போது ஹை ஃப்ளோ. புதிய நோட்டில் முப்பது குழந்தை சேர்ந்ததும் மறுபடி பார்ப்பது. "யாரு ஜெயிச்சது சிஸ்டர்?" என்று கண்ணடித்தார். முப்பது சேரட்டும் டாக்டர், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றேன்.

ஜூலை 28, திங்கள்

காலை பத்து மணிக்கு எல்லாவற்றையும் எடுத்தோம். குழாய், தண்ணீர்ப் பை, மெஷின், கம்பி, எல்லாம். 2,240 கிராம். வெறும் காற்றிலேயே ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூற்றைந்து. நான் ஐந்து மணி நேரம் தொட்டிலை விட்டு நகரவில்லை, தொண்ணூற்றைந்தும் நகரவில்லை.

மூன்று மணிக்கு வளவன் வாசலுக்கு வந்தார். நாலாம் தொட்டிலின் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. உள்ளே வரவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். முகம் வெளுத்துப் போனதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அவர் என்ன நினைத்துவிட்டார் என்று. போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

"நல்லா இருக்கா! நல்லா இருக்காங்க!" என்று கத்திவிட்டேன். யூனிட்டுக்குள் நான் கத்தியது இதுவே முதல் தடவை. "தானாவே மூச்சு விடறா. அதான் எடுத்துட்டோம். உள்ள வாங்க."

வந்தார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். சட்டைப் பை மேல் கை போயிற்று.

"அப்ப நான் என்னத்தங்க பாக்கறது?"

தொட்டிலுக்குப் பின்னால், வாசலிலிருந்து தெரியாத மூலையில் உட்கார்ந்திருந்த அம்சவல்லி நெஞ்சிலிருந்த துணியை விலக்கிக் குழந்தையை அவர் பக்கம் திருப்பினாள். பிறந்ததிலிருந்து ஏதாவது ஒரு குழாயும் பிளாஸ்திரியும் மூடியிருந்த முகம். அவர் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"அம்சா," என்றார். "மூக்கு உன் மூக்கு."